சாதுவாக இருந்தால்தான் இடமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஊருக்குள் புதிதாக ஒருவன் வருகிறான். பார்க்க விநோதமாக இருக்கிறான். பேச்சு சரியாக வரவில்லை. ஆனால் யாருக்கும் தீங்கு நினைக்காதவன். ஊர் முதலில் மிரள்கிறது, அப்புறம் கொஞ்சுகிறது, கடைசியில் விரட்டுகிறது. சினிமா இந்தக் கதையை அலுக்காமல் சொல்லிவருகிறது, நாமும் ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறோம். இந்தப் படங்கள் மேல் எனக்கு நிறையப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தில்தான் கேட்கிறேன்: ஊரில் ஓர் இடம் கிடைக்க அவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருந்தே தீர வேண்டும்?

1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் ஓர் ஏரிக்கரைக் காட்சி வரும். பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு ஒரு விஞ்ஞானி உருவாக்கிய, போரிஸ் கார்லாஃப் நடித்த அந்தப் படைப்பைப் பார்த்து ஒரு சிறுமி பயப்படவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு பூவைக் கொடுக்கிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் வீசி, அவை மிதப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். கையிலிருந்த பூ தீர்ந்துபோகிறது. இவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கி நீரில் போட்டுவிடுகிறான். அவள் மூழ்கியதும் அவன் பதறும் பதற்றத்தைப் பார்த்தால், அவன் மனதில் கொலை எண்ணமே இல்லை என்பது குழந்தைக்குக்கூடப் புரியும்.

பல இடங்களில் தணிக்கைக்காரர்கள் இந்தக் காட்சியின் பின்பாதியை வெட்டிவிட்டார்கள். என்ன ஆயிற்று? அவன் சிறுமியை நோக்கிக் கை நீட்டுகிறான். அதோடு காட்சி நின்றுவிடுகிறது. பிறகு, இறந்த மகளைச் சுமந்துகொண்டு அப்பா தெருவில் நடந்து வருகிறார். நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவரே கற்பனை செய்துகொள்ள வேண்டும், அந்தக் கற்பனை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. கொடூரத்தை மறைக்கப்போய் அவனையே கொடூரனாக்கியது அந்தக் கத்தரி. வெட்டிய பகுதி 1980களில்தான் படத்தில் மறுபடி சேர்ந்தது. அதுவரை எத்தனையோ பேர் ஓர் அறியாமையைக் கொலைவெறி என்று நம்பிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். வெளியாளின் குணத்தைத் தீர்மானிப்பது அவன் செய்தது மட்டுமல்ல, நம்மிடம் எதைக் காட்டுகிறார்கள் என்பதும்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் டேவிட் லிஞ்ச். 1980இல் வந்த 'தி எலிஃபன்ட் மேன்' படத்தில் உருக்குலைந்த உடலுக்காக வேடிக்கைப் பொருளாகக் காட்டப்பட்டுவந்த நாயகன் மெரிக்கின் முகத்தை அவர் உடனே காட்டுவதில்லை. முதலில், அவனைப் பார்க்கும் மருத்துவரின் முகத்தைக் காட்டுகிறார். அந்தக் கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் இறங்குகிறது. அருவருப்புக்கு முன்பே இரக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அந்தப் படத்திலும் என்னை உறுத்தும் இடம் ஒன்று உண்டு. மெரிக்கை மருத்துவமனையில் வைத்துக்கொள்வதா என்று அதன் தலைவர் பார்க்க வருகிறார். மெரிக் பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்கிறார். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார் என்று எண்ணித் தலைவர் வெளியேறிவிடுகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் குரல் தொடர்கிறது. மருத்துவர் சொல்லித்தராத வரிகளும் வருகின்றன. அப்புறம்தான் மெரிக்குக்கு இடம் கிடைக்கிறது. நெகிழ்ச்சியான காட்சிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தச் சங்கீதம் தெரியாமல் இருந்திருந்தால்? மனிதன் என்று ஏற்றுக்கொள்ள இப்படி ஒரு நுழைவுத் தேர்வு எதற்கு? படமும் இதை உணர்ந்திருக்கிறது. பெரிய மனிதர்கள் தேநீர் அருந்த வரத் தொடங்கியதும், அவரை மறுபடியும் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டீர்கள் என்று தலைமைச் செவிலி மருத்துவரிடம் நேருக்கு நேர் சொல்கிறார்.

டிம் பர்ட்டனின் 'எட்வர்ட் சிசர்ஹேண்ட்ஸ்' 1990இல் வந்தது. கைகளுக்குப் பதில் கத்தரிகள் உள்ள எட்வர்டுக்கு அந்தக் குடியிருப்பு கொடுக்கும் அன்பு முழுக்க வேலைக்கான கூலி. வேலிச் செடியை அழகாக வெட்டுகிறான், நாய்களுக்கு முடி வெட்டுகிறான், பெண்களுக்கு சிகை திருத்துகிறான். மற்றவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு திருட்டில் மாட்டிக்கொண்டதும் அந்த அன்பு ஆவியாகிவிடுகிறது. அவன் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. கடைசியில் பழைய மாளிகைக்கே திரும்புகிறான், அவன் இறந்துவிட்டான் என்று நம்பி ஊர் வீட்டுக்குப் போகிறது. வெளியாளை அப்புறப்படுத்தி முடிக்கும் படங்கள்தான் அதிகம். அவன் சாகிறான், அல்லது வந்த இடத்துக்கே போகிறான். ஊர் மாற வேண்டிய கட்டாயமே வருவதில்லை.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்கிறோம். பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) சப்பாணி வெளியூர்க்காரன் இல்லை, ஊருக்குள்ளேயே வெளியாளாக வைக்கப்பட்டவன். நாயகி மயிலைக் காக்க அவன் கல்லைத் தூக்குகிறான். அந்தக் கோபத்துக்கு விலை சிறை. இத்தனை காலம் அவனை எல்லாரும் நடத்திய விதத்துக்கு யாரும் எந்த விலையும் கொடுப்பதில்லை.

இதற்கெல்லாம் வேறொரு பதில் சொன்ன படமாக நான் நினைப்பது 2007இல் கிரெய்க் கில்லெஸ்பி இயக்கிய 'லார்ஸ் அண்ட் தி ரியல் கேர்ள்'. கூச்ச சுபாவமுள்ள லார்ஸ் ஒரு பொம்மையைத் தன் காதலி என்று நம்புகிறான். மருத்துவரின் ஆலோசனைப்படி குடும்பமும் அப்படியே நடந்துகொள்கிறது. அப்புறம் ஊரும். முணுமுணுக்கிறார்கள், தயங்குகிறார்கள், ஆனாலும் செய்கிறார்கள். அந்தப் பொம்மைக்கு முடி வெட்டுகிறார்கள், ஊர் வேலைகளில் பங்கு கொடுக்கிறார்கள். பொருந்திப்போகும் வேலை இங்கே ஊரின் தலையில்.

ஒரு கட்டத்தில் லார்ஸ் கோபப்படுகிறான், தன் மேல் யாருக்கும் அக்கறை இல்லை என்று கத்துகிறான். அண்ணியும் திருப்பிக் கத்துகிறாள்: இந்த ஊரே இத்தனையும் செய்வது உன் மேல் வைத்த அன்பால்தான் என்கிறாள். கோபப்பட்டதற்காக அவனை யாரும் விலக்கவில்லை. வீட்டில் ஒருவனிடம் சண்டை போடுவதுபோல் அவனிடம் சண்டை போடுகிறாள். அவனுக்கு அந்த ஊரில் இடம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு படம் சொல்லி நான் பார்த்ததில்லை.

இங்கே திரைக்கதை எழுதும் இளைஞர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவன் வந்து சேர்ந்த நாளையும் துரத்தப்பட்ட இரவையும் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். அவனுடைய இரண்டாவது வருடத்தை எழுதுங்கள். எந்தத் திறமையையும் காட்டாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய மன்னிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, அதே தெருவில் அவன் வாழ்வதை எழுதுங்கள். நன்றி.