பழி கொசுவுக்கு, பாவம் உண்ணிக்கு

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவி அம்மா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, யானை விரட்டும் வேலைக்கு நடுவிலும் வந்திருக்கிற வனச்சரகர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகருக்குத் தனி நன்றி. இந்த நீலகிரிக் குளிருக்கு மாலையைவிடத் துண்டுதான் உபயோகம்.

‘குரங்குக் காய்ச்சலைக் கொசு பரப்புமா?’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. குரங்குக் காய்ச்சல் என்பது காட்டுக் குரங்குகளையும் மனிதரையும் தாக்கும் ஒரு வைரஸ் நோய். மூன்று செய்தி சொல்கிறேன். கொசுவுக்கு அது ஏன் முடிவதில்லை, உண்ணிக்கு எப்படி முடிகிறது, தடுப்பூசி என்ன ஆயிற்று.

‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்பார் என் பாட்டி. இந்தக் காய்ச்சலின் கதையும் அதுதான். 1957-ல் கர்நாடகத்து ஷிமோகா மாவட்டம் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பக்கத்து ஊர்களில் காய்ச்சல். மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று பயந்தார்கள். அது கொசு பரப்பும் நோய். புனே வைரஸ் ஆய்வு மையத்தார் வந்து தேடியபோது, வைரஸ் உண்ணியில் இருந்தது.

டெங்கு வைரஸும் இதுவும் ஒரே குடும்பம்தான். அதனால்தான் சந்தேகம். ஆனால் கொசு இரத்தத்தைக் குடித்தால் மட்டும் போதாது. அதிலுள்ள வைரஸ் கொசுவின் குடல் சுவரைத் தாண்டி, உள்ளே பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரவேண்டும். டெங்கு அதைச் செய்கிறது. குரங்குக் காய்ச்சல் வைரஸ் உண்ணியின் உடம்புக்குப் பழகியது. கொசு கடித்து மனிதருக்கு அது வந்ததாக நிரூபணம் இல்லை.

சரி, ஒரு கதை சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவராக இருந்த காலம். ஒருவர் மாட்டுக்குப் பார்க்கக் கூப்பிட்டார். போனால் வீடெல்லாம் வேப்பிலைப் புகை. “நாலு நாளாக் காய்ச்சல் டாக்டர், எல்லாம் இந்தக் கொசுதான்” என்று கொசுவைத் திட்டுகிறார். புது வலை கட்டியிருக்கிறார், தொட்டியைக் கவிழ்த்திருக்கிறார். அப்புறம் தலையைத் திருப்பி, “காதுக்குப் பின்னால புது மச்சம் வந்திருக்கு, பாருங்க. ஜோசியர் வீடு கட்டுவேன்னு சொல்றார்” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். மச்சத்துக்கு எட்டுக் கால்! இடுக்கியால் மெதுவாக எடுத்து உள்ளங்கையில் விட்டேன், நடந்தது. அவர் மனைவி சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. அவருக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் எழுந்துவிட்டார். வீடு மட்டும் இன்னும் கட்டவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

கொசு கடித்துவிட்டுப் பறந்துவிடும். உண்ணி நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு குடிக்கும். உண்ணி குஞ்சாக இருக்கும்போது அதற்குள் ஏறிய வைரஸ், அது தோலுரித்து வளர்ந்த பிறகும் உள்ளேயே இருக்கும். குரங்கு செத்தால் உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே காத்திருக்கும். விறகுக்குப் போகிறவர் காலில் ஏறும். டிசம்பர் முதல் மே வரை கவனம் தேவை. டெங்குவைப் போலவே இதிலும் இரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவதால், டெங்கு என்று நினைத்துவிடுவார்கள்.

2012-ல் கர்நாடகத்துப் பந்திப்பூர்க் காட்டில் செத்த குரங்குகளைக் கையாண்ட காட்டுப் பணியாளர்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. அதையொட்டி நம் நீலகிரியிலும் செத்த குரங்குகளில் வைரஸ் தெரிந்தது. ஆக முதல் மணி அடிப்பது குரங்குதான். அந்த மணியைக் கேட்க ஊரில் ஆள் வேண்டாமா? செத்த குரங்கைத் தொடாமல் தகவல் சொன்னால், மாதிரி எடுக்க யார் வருவார்? நம் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. ஊரெல்லாம் புகை மட்டும் அடிக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தடுப்பூசி பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். மருத்துவரை நியமிக்கக் கோரும் மனு, வாசலில் நூலகர் மேசை மேல் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம், கையெழுத்து போட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.