இறங்கறதுக்கும் பிளான் வேணும்: மலையிலேருந்து சமவெளிக்கு மூணு நாள்

எல்லாருக்கும் வணக்கம். இருங்க, கேமரா சாயுது... ஆங், இப்ப சரி. பின்னாடி பாதி அடுக்கின பெட்டி தெரியுதா? மலை மேலேருந்து சமவெளிக்கு மூணு நாள் கார் பயணம். நாளைக்குக் காலைல கிளம்பறேன். அதுக்கு எப்படி பிளான் போட்டேன்னு இன்னைக்குப் பேசலாம்.

மலை ஏறணும்னா நாம எல்லாத்தையும் பாப்போம். வண்டி இழுக்குமா, இன்ஜின் சூடாகுமா, கூலன்ட் இருக்கா. இறங்கறதுன்னா மட்டும் "இறக்கம்தானே, வண்டி தானா போயிடும்"னு விட்டுடறோம். தானா போறதுதாங்க பிரச்சனையே.

ஒரு சின்ன கணக்கு. ஆளும் சாமானும் சேர்த்து 1500 கிலோ வண்டி, 2000 மீட்டர் கீழ இறங்குது. உயரத்துல அதுக்கு இருந்த ஆற்றல் எங்கயாவது போய்த்தானே ஆகணும்? கிட்டத்தட்ட 29 மெகாஜூல் வருது. இப்படிச் சொன்னா மண்டைல ஏறாது. 30 டிகிரில இருக்கற 100 லிட்டர் தண்ணியைக் கொதிக்கற அளவுக்குக் கொண்டு வர்ற சூடு அது. காத்து கொஞ்சம் வாங்கிக்கும், டயர் உருளறதுல கொஞ்சம் போகும். மிச்சத்தை இன்ஜின் தாங்கணும், இல்லன்னா பிரேக் தாங்கணும். பிரேக் பேட் எவ்வளவு பெருசு இருக்கும்? உள்ளங்கை அளவு. அது தலையில மொத்தத்தையும் கட்டினா என்ன ஆகும்?

என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். முதல் தடவை இறங்கினப்ப நான் நாலாவது கியர்லயே, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன். பாதி வழியில ஒரு கருகின வாசனை. முன்னாடி போற லாரியிலேருந்து வருதுன்னு நினைச்சேன். அடுத்த கொண்டை ஊசி வளைவுல மிதிக்கறேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. நல்ல வேளை, கியரைக் குறைச்சு ஓரமா நிறுத்திட்டேன். அப்புறம் மெக்கானிக் கேட்ட ஒரே கேள்வி, "பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?" எனக்கு ஞாபகமே இல்ல.

நாம மிதிக்கற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போறது அந்த ஆயில்தான். அது காத்துல இருக்கற ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 4ங்கற வகை பிரேக் ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தர அளவு இருக்கு. ஈரம் ஏறினப்புறம் அந்த எல்லை 155 தான். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி வந்துடும். ஆவி அமுங்கும், அதான் பெடல் பஞ்சாகுது. பொதுவா 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்பாங்க. என் பிளான்ல முதல் வேலை இதுதான், போன வாரமே முடிச்சாச்சு.

ஓட்டறதுக்குப் பழைய டிரைவர்கள் சொல்ற ஒரு வார்த்தை போதும்: எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல இறங்கு. அப்பதான் இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு விடணும், காலை அதுமேலயே வெச்சுக்கிட்டு வரக்கூடாது. ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கறவங்க குறைஞ்ச கியர் எப்படிப் போடறதுன்னு வீட்டு வாசல்லயே பழகிட்டுப் போங்க.

அப்புறம் இந்த நியூட்ரல்ல போட்டு இறங்கற கூட்டம். பெட்ரோல் மிச்சமாகுமாம்! இப்ப வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல, கியர்ல இருந்து ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்தா எரிபொருள் போறதே நின்னுடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்க பெட்ரோல் குடிக்கும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்கறவங்களைப் பத்தி நான் பேசவே விரும்பல. ரெண்டு மூணு மிதிக்கப்புறம் பிரேக் கல்லாயிடும், ஸ்டியரிங்கும் இறுகிடும்.

எலக்ட்ரிக் வண்டிக்காரங்களுக்கு ஒண்ணு. கிளம்பற அன்னைக்கு மேல 100 சதவீதம் சார்ஜ் ஏத்தாதீங்க. பேட்டரி நிறைஞ்சிருந்தா இறக்கத்துல வர்ற மின்சாரத்தை வாங்க இடம் இருக்காது, பாரம் மறுபடி பிரேக் மேலதான் விழும். ஒரு 80, 85 போதும்.

டயர் காத்து வேடிக்கையான விஷயம். 2000 மீட்டர் இறங்கினா வெளிக்காத்தோட அழுத்தம் கூடறதால உள்காத்துக்கும் வெளிக்காத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டற கேஜ்ல ஒரு 3 பிஎஸ்ஐ குறைவா காட்டணும். ஆனா கீழ 13 டிகிரி வெக்கை கூடுதலா இருந்தா 2 பிஎஸ்ஐ ஏறிடும். ரெண்டும் கழிஞ்சு பெருசா ஒண்ணும் மிஞ்சாது. அடிவாரத்துல சூடான டயர்ல கேஜை வெச்சுட்டு, அதிகமா இருக்கேன்னு காத்தை இறக்கிடாதீங்க. மறுநாள் காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க. வெளிக்காத்து எப்படி அமுக்குதுன்னு நம்பலைன்னா, மேல ஒரு காலி பாட்டிலை இறுக்கி மூடி சீட்ல போடுங்க. கீழ வர்றப்ப சப்பையாகிக் கிடக்கும்.

அதே அழுத்தம்தான் காதையும் அடைக்குது. எச்சில் முழுங்கினா, கொட்டாவி விட்டா திறக்கும். கைக்குழந்தை இருந்தா இறங்கறப்ப பால் குடுங்க, உறிஞ்சி முழுங்கறதுல காது சரியாகும்.

இப்ப நாள் கணக்கு. மேப்ல கிலோமீட்டரைப் பாத்து நாளைப் பிரிக்காதீங்க. நான் முதல் நாளுக்கு வெச்சிருக்கறது 110 கிலோமீட்டர்தான். சிரிக்காதீங்க, வளைவுல சராசரி 25 வந்தாலே பெரிய விஷயம், நடுவுல நின்னு பிரேக்கை ஆற விடணும். பனிமூட்டம் விலகினதும் கிளம்பி, வெளிச்சம் இருக்கறப்பவே அடிவாரம். அங்கேயே தங்கிடுவேன். மலை முடிஞ்சிடுச்சேன்னு அன்னைக்கே இன்னும் 300 ஓட்டணும்னு கை துறுதுறுங்கும். நேர் ரோடு, மத்தியான வெயில், வளைஞ்சு வளைஞ்சு அசந்த உடம்பு. தூக்கம் வர்றதுக்கு வேற என்ன வேணும்?

பெட்டியில மெல்லிசு துணி மேல, ஸ்வெட்டர் அடியில. கிளம்பறப்ப போட்டிருக்கற ஒண்ணு போதும், அதுவும் மூணு மணி நேரத்துல கழண்டுடும்.

பிரேக் ஆயில் ஆச்சு, டயர் நாலும் பாத்தாச்சு, கூலன்ட், வைப்பர்... ஸ்டெப்னி! நாலு டயரைப் பாத்தேன், அதைப் பாக்கவே இல்லயே. கேமரா ஓடட்டும், டிக்கியைத் திறந்து பாத்துட்டு வந்துடறேன்.