வழுவழுப்பான இலையில் முசுறு எப்படித் தலைகீழாக நிற்கிறது?

அடுத்த கேள்வி மியான்மரில் இருக்கும் மோல்மேன் ஊரிலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. வீட்டு மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதாம். இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஒரு வெட்டுக்கிளியை இழுத்துப் போவதைப் பார்த்திருக்கிறார். "காலில் பசை இருக்கிறதா? இருந்தால் எப்படி இவ்வளவு வேகமாக நடக்கிறது?" என்று கேட்கிறார். இரண்டாவது கேள்வி ரொம்ப அருமையான கேள்வி அக்கா. ஒட்டுவதைவிட, ஒட்டிய காலை உடனே எடுப்பதுதான் கஷ்டம்.

எறும்பின் பாதத்தில் 5 கணுக்கள் உண்டு. நுனியில் கொக்கி மாதிரி 2 நகங்கள், அவற்றுக்கு நடுவில் மெத்தென்று ஒரு திண்டு. இந்தத் திண்டுக்கு அரோலியம் என்று பெயர். மரப்பட்டை சொரசொரப்பானது, அங்கே நகமே மாட்டிக்கொள்ளும். மாவிலையில் நகம் வழுக்கிவிடும். அப்போதுதான் திண்டு விரிந்து இலையில் படிகிறது.

இதை யார் விரிக்கிறார்கள் தெரியுமா? அந்த 5 கணுக்களுக்குள் தசையே கிடையாது! தசை மேலே, காலின் பெரிய பகுதிகளில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட தசைநாண் பாதத்துக்குள் ஓடி நுனி வரை வருகிறது. தசை அதை இழுத்தால் நகம் மடங்கும், திண்டு விரியும். அதோடு, பாதம் உடம்பை நோக்கி இழுபட்டாலே திண்டு தானாக இன்னும் விரிகிறது. அதாவது வெட்டுக்கிளியின் பாரம் இழுக்க இழுக்கப் பிடிப்பு கூடுகிறது. காலை எதிர்ப்பக்கம் தள்ளினால் திண்டு சுருங்கிவிடும், கால் உடனே விடுபடும். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் இதுதான் நடக்கிறது.

பசை என்று கேட்டீர்கள் அல்லவா, திண்டின் மேல் மிக மெல்லிய ஒரு திரவப் படலம் இருக்கிறது. ஆனால் அது காய்ந்து இறுகும் பசை இல்லை. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது போலத்தான். இதை வைத்தே முசுறு வழுவழுப்பான பரப்பில் தலைகீழாக நின்று தன் எடையைப் போல 100 மடங்குக்கு மேல் தாங்கும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஈக்கு அமைப்பு வேறு. நகங்களுக்கு அடியில் 2 திண்டுகள், அவை முழுக்க நுண்ணிய மயிர்கள்.

அப்புறம், அடிமரத்தில் பவுடர் தூவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழுவழுப்பான பாத்திரத்தின் சுவரில் தூவினால் தூள் திண்டில் அப்பிக்கொள்ளும், எறும்பு வழுக்கி விழும். மரப்பட்டையில் அதற்கு நகம் இருக்கிறதே, ஏறிவிடும் அக்கா.