காலைக் குளிரில் குலுங்குகிற லொறி: எந்த சிலிண்டர், ஏன்?

வணக்கம் உறவுகளே. செங்கலடியில் கராஜ் வாசலில் நிற்கிறேன். இன்னும் சரியாக விடியவில்லை. பின்னால் நிற்கிறது ஒரு இசுசு எல்ஃப், 4ஜேபி1 எஞ்சின், களுவாஞ்சிகுடி அண்ணன் ஒருவருடையது. நேற்றுப் பின்னேரமே கொண்டுவந்து விடச் சொல்லிவிட்டேன். இரவு முழுக்க யாரும் திறப்பைத் திருப்பவில்லை. இன்றைய வேலையில் பாதி அதுதான்.

அண்ணன் நுவரெலியாவில் மரக்கறி ஏற்றுகிறவர். விடியப்புறம் அங்கே ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை, கண் எரியும், கியர் லீவர் ஆடுகிற ஆட்டத்தில் கை வைக்க முடியாது. பத்து நிமிடம் ஓடினால் ஒன்றும் தெரியாது. ஊருக்கு வந்து கராஜில் காட்டும்போது எஞ்சின் கொதிசூடு. ‘நல்லாத்தானே ஓடுது’ என்பார்கள். ஒரு இடத்தில் டீசலைப் பீச்சுகிற நான்கு நொசிலையும் மாற்றிக் காசு வாங்கியிருக்கிறார்கள். மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாமல் குலுங்குகிறது, அது மட்டும் அப்படியே இருக்கிறது. குளிரில் வருகிற கோளாறைச் சூடான எஞ்சினில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அமுக்கும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இந்தச் சந்தியில் தொடங்குகிற ஏ5 வீதி பிபிலை, பசறை, பதுளை, வெலிமடை என்று ஏறி நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும்போது உயரம் ஏறத்தாழ 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தை மாதத்தில் புல்லில் உறைபனி படிகிற ஊர் அது. காற்றும் குறைவு, சூடும் குறைவு. கொஞ்சம் பலவீனமான சிலிண்டர் எது என்று மலை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, ஸ்டார்ட் பண்ணுகிறேன்... கேட்கிறதா? இங்கேயே லேசாகத் தட்டுகிறது. புகையைப் பாருங்கள், வெள்ளை. பச்சை டீசல் மணம், அதாவது எரியாத டீசல். இனிப்பு மணம் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது வேறு கதை, ஹெட் கேஸ்கட் பக்கம் போக வேண்டும்.

இப்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துகிறேன். முதலாவதைத் தளர்த்தினால் எஞ்சின் இன்னும் நொண்டுகிறது, அப்படியென்றால் அது வேலை செய்கிற சிலிண்டர். இரண்டு... மாற்றமே இல்லை. ஆள் இவர்தான். மூன்றும் நாலும் நல்லம். ஒரு எச்சரிக்கை: இது பழைய பம்ப் உள்ள எஞ்சினுக்கு மட்டும். அப்பவும் கண்ணாடி போட வேண்டும், கையை எட்ட வைக்க வேண்டும். மிக அதிக அழுத்தத்தில் டீசல் அனுப்புகிற புதிய கொமன் ரெயில் லொறியில் எஞ்சின் ஓடும்போது அந்த நட்டைத் தொடவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம்.

எப்போதும் ஒரே சிலிண்டர் என்றால் ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் பண்ண சிலிண்டருக்குள் சூடாக்குகிற பிளக்), நொசில், கொம்ப்ரஷன் (காற்றை அமுக்குகிற அழுத்தம்) மூன்றில் ஒன்று. இடம் மாறி மாறித் தட்டினால் டீசலுக்குள் காற்று அல்லது தண்ணீர் என்று சந்தேகப்படுங்கள். இங்கே நொசில் புதிது. மற்ற இரண்டையும் பார்ப்போம்.

ஹீட்டர் பிளக்குகளை இணைக்கிற தகட்டைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை பட்டரி பொசிட்டிவில் மாட்டி, மற்ற முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுகிறேன். எரிகிறது, இரண்டாவதில் எரியவில்லை, எரிகிறது, எரிகிறது. டாஷ்போர்டு லைட் வந்து அணைகிறதே என்று நம்பியிருந்தார் அண்ணன். அந்த லைட்டுக்கு டைமரைத்தான் தெரியும், பிளக் அறுந்தது தெரியாது.

பிளக்கை மாற்றிவிட்டு முடிக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. நம்மூர்ச் சூட்டில் நல்ல 4ஜேபி1 ஹீட்டர் பிளக் இல்லாமலே ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். இங்கேயும் தட்டுகிறது என்றால் பிளக் மட்டும் காரணமாக இருக்காது.

இது மறுநாள் காலை எடுத்தது. டீசல் வராமல் இருக்க பம்புக்குப் போகிற சொலினாய்ட் வயரைக் கழற்றி, பிளக் துளையில் கேஜ் மாட்டி கொம்ப்ரஷன் பார்த்தேன். எஞ்சினைச் சூடாக்கிப் பார்க்கச் சொல்லித்தான் புத்தகத்தில் இருக்கும். நான் வேண்டுமென்றே குளிரில் பார்த்தேன். அதனால் புத்தக எண்ணோடு ஒப்பிடக் கூடாது, நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். இரண்டாவது நன்றாகவே குறைவு. சில துளி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தால் ஏறிவிட்டது. ஏறாமல் இருந்தால் வால்வு, கேஸ்கட் பக்கம் போக வேண்டும். ஏறினால் பிஸ்டனைச் சுற்றி அடைக்கிற ரிங் தேய்மானம். ஒயிலை அள்ளி ஊற்றிவிடாதீர்கள், டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு, ராட் வளைந்துவிடும்.

ஆக, தேய்ந்த ரிங்கும் அறுந்த பிளக்கும் சேர்ந்த கூட்டு வேலை. சூடு ஏறியதும் ரிங் கொஞ்சம் அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் பத்து நிமிடத்தில் சரியாகிறது. இதற்காக இப்பவே எஞ்சினைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். லொறி ஒயில் குடிக்கவில்லை, இழுவை நன்றாக இருக்கிறது. நான்கு பிளக்கும் புதிது போட்டோம். வெறும் 40 நம்பர் ஒயில் ஊற்றியிருந்தார்கள், குளிரில் அது கட்டியாகி ஸ்டார்ட்டரை மெதுவாக்கும், அதை 15டபிள்யூ-40க்கு மாற்றினோம். ஒயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளத் தொடங்கும் நாளில் ரிங் வேலை பார்க்கலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த லோடுக்குப் போனால் விடியப்புறம் ஸ்டார்ட் பண்ணுவதை போனில் எடுத்து அனுப்புவார், அதையும் போடுகிறேன்.

அப்புறம், மலையில் நிறுத்தும்போது லொறியின் முகம் மேட்டைப் பார்த்து நின்றால் மட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? அது வேறு கோளாறு. டாங்கியிலிருந்து டீசலை இழுக்கிற சக்ஷன் பைப்பில் எங்கோ காற்று புகுந்து டீசல் டாங்கிக்கே இறங்கிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது என்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கொஞ்ச நேரத்துக்குத் தெளிவான ஹோஸ் ஒன்று மாட்டிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு கென்டர் லொறி நாளைக்கு வருகிறது, வீடியோ எடுக்கிறேன். வரட்டா.