இரண்டு கிலோ வாங்கினால் நான்கு கிலோ

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தாத்தாவின் அறிவு பேரனிடம் போய்ச் சேருவது ஊர் கூடும் திருவிழாவிலா, கைப்பேசித் திரையிலா? திருவிழாவில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, "பாரம்பரிய நெல்லைப் பற்றி எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன, வெயிலில் ஏன் அலைய வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். தம்பி, அதையும் காணொளியிலேயே குடித்திருக்கலாமே!

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்றோர் ஊர். 2006இல் அங்கே நெல் திருவிழாவைத் தொடங்கியவர் 'நெல்' ஜெயராமன். 2018இல் மறைவதற்குள் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்தார். அங்கே விதைக்குக் காசு இல்லை. இரண்டு கிலோ வாங்கினால், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்.

என் வாதம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. காணொளி பார்த்தவன் யாருக்கும் கடன்படுவதில்லை. பார்த்தான், தள்ளினான், போய்விட்டான். விதை வாங்கியவன் அப்படிப் போக முடியாது. காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல் ஆளுயரத்தைத் தாண்டி வளரும், அறுவடைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். பாதியில் பயிர் சாய்ந்தால் பக்கத்து வயல் பெரியவரிடம் ஓட வேண்டும். அவர் முதலில் திட்டுவார், பிறகுதான் வழி சொல்வார்.

நான் அந்தத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் விதை நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டிக்' என்று உடைந்தது. "காய்ந்திருக்கிறது" என்றார். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவனும் கடித்தான். "எனக்குச் சத்தம் வரவில்லையே, ஐயா?" "கடைவாயில் வை, தம்பி." மூன்றாவது நெல்மணியில் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! எந்தத் திரையைக் கடித்து இதைக் கற்றுக்கொள்வது?

எதிரணிச் சகோதரி கூர்மையாக ஒன்று கேட்டார்: "அந்த விதைகளைத் தொலைத்ததே இந்தப் பெரியவர்கள்தானே?" உண்மைதான், மறுக்க மாட்டேன். 1960களில் அதிக விளைச்சல் தரும் புது நெல் ரகங்களான ஆடுதுறை 27 வந்தது, ஐ.ஆர். 8 வந்தது. வயிற்றுக்குச் சோறு வேண்டியிருந்தது, விதைத்தார்கள். இன்று எழுபது வயதில் இருப்பவர் மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய நெல்லைத் தம் அப்பாவின் வயலில்தான் பார்த்திருப்பார். அதனால்தான் அவர் மேடையில் உட்கார்ந்து உபதேசம் செய்யவில்லை. விதை கேட்டுப் பேரனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஒருவர், முன்னால் நின்ற பெண்ணிடம் பையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். "குழியடிச்சான், தாத்தா." அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் உவர் நிலத்தில் அப்பா விதைத்தது, அம்மா" என்றார். அந்தப் பெண் தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டாள். அவள் கேட்காமல் வந்த பதில் அது. தேடுவதற்கு அவளுக்குக் கேள்வியே தெரிந்திருக்காது.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். அன்று நானும் இரண்டு கிலோ தூயமல்லி வாங்கினேன். முதல் போகத்தை மழை கொண்டுபோய்விட்டது, நான்கு கிலோ பாக்கி அப்படியே நிற்கிறது. உங்கள் தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும், நான் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.