கையால் வார்க்கும் ரப்பர் மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற உப்பங்கழிகளில் கொடுவா மீனைக் குறிவைத்துத் தூண்டில் வீசுகிறவர்கள் பெட்டியைத் திறந்தால், இரும்பு, மரம், கடின பிளாஸ்டிக் இரைகளோடு தொளதொளவென்று சில ரப்பர் மீன்களும் கிடக்கும். கொடுவா இரையைக் கடித்து இழுக்கிற மீன் அல்ல. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். வாய்க்குள் போனது மெத்தென்று இருந்தால் உடனே துப்பாது, தூண்டில் முள்ளை அதன் வாயில் மாட்ட ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும். சிக்கல் ஒன்றுதான். வேரில் மாட்டினால் போச்சு, கிழிந்தாலும் போச்சு. ஒரு காலையில் நாலைந்து தீர்ந்துவிடும். அதனால் இதை வீட்டில் வார்க்கும் முறையைப் பார்ப்போம்.

இதற்கான மூலப்பொருள் பிளாஸ்டிசால். பி.வி.சி. பொடியை, பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெயில் கலந்த வெள்ளைத் திரவம் அது. சூடாக்கும்போது பொடி எண்ணெயை உறிஞ்சிக் கெட்டியாகும், மேலும் சூடேறினால் தெளிந்து ஓடும். ஆறினால் மென்மையான திடப்பொருள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், 1949-இல், நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் சமையலறை அடுப்பில் காய்ச்சி வார்த்த பிளாஸ்டிக் மண்புழுவிலிருந்து இந்த வகை இரை பரவியது. அவர்களைப் பின்பற்றி நீங்களும் சமையலறையில் இறங்கிவிடாதீர்கள், காரணம் பின்னால் வரும். வாங்கும்போது, தூண்டில் இரைக்கென்றே விற்கிற, தாலேட் கலக்காத பிளாஸ்டிசாலாகப் பார்த்து வாங்குங்கள். தாலேட் என்பது பழைய இளக்கி எண்ணெய் வகை. அதில் சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே கட்டுப்படுத்திவிட்டது. பனியனில் படம் அச்சடிக்கும் பிளாஸ்டிசால் மை இந்த வேலைக்கு ஆகாது.

முதலில் மாதிரி. பத்து சென்டிமீட்டர் நீளத்தில், மடவைக் குஞ்சு அளவுக்கு, துடுப்பு வால் வைத்த ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். உடல் உயரம் இரண்டு சென்டிமீட்டர், அகலம் ஒன்றரை. மரத்தில் செதுக்கலாம், எம்-சீலில் பிடித்துக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கலாம். முதுகு தட்டையாக இருக்கட்டும், அகலமும் அங்கேதான் அதிகம் இருக்க வேண்டும். வயிற்றை நோக்கிப் போகப்போகக் குறுகட்டும். பக்கவாட்டில் எங்கேயாவது புடைத்திருந்தால் அச்சிலிருந்து மாதிரி வெளியே வராது, இழுத்தால் அச்சு உடையும்.

மீன் கடிக்குமா கடிக்காதா என்பது பெரும்பாலும் வாலில்தான் இருக்கிறது. நிறத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் அதில் பாதி நேரத்தையாவது வாலின் கழுத்துக்குக் கொடுக்கலாம். உடலும் துடுப்பும் சேருகிற அந்த மெல்லிய பகுதி மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதும். துடுப்பு பன்னிரண்டு முதல் பதினான்கு மில்லிமீட்டர் அகலம், தடிமன் இரண்டரை, உடலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கழுத்து தடித்தால் ரீலை வேகமாகச் சுற்றினால்தான் வால் ஆடும். கொடுவாவுக்கு மெதுவாக இழுக்கும்போதே ஆட வேண்டும். கழுத்து இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நன்றாக ஆடும், முதல் கடியிலேயே வால் மீனோடு போய்விடும்.

அடுத்தது அச்சு. மருந்துக்கடை வாஸ்லினை மாதிரியின் மேல் மெல்லிசாகத் தடவி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முதுகு கீழே இருக்கும்படி ஒட்டுங்கள். டப்பா பதினான்குக்கு ஐந்து சென்டிமீட்டர் என்றால், 150 மில்லி தண்ணீரும் 250 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சரியாக இருக்கும். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, நுரை எழாமல் கலக்கி, டப்பாவின் ஒரு மூலையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றி, டப்பாவை மேசையில் தட்டுங்கள். காற்று மேலே வந்துவிடும். பிளாஸ்டர் சூடேறித் திரும்பவும் ஆறிய பிறகு அச்சை எடுக்கலாம்.

எடுத்த அச்சு கல்லாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே ஈரம் நிறைய இருக்கும். பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஈரமான அச்சில் 170 டிகிரி பிளாஸ்டிக்கை ஊற்றினால் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளும். இரையின் மேல்தோலெல்லாம் குழிகுழியாக வந்தால் அது சிறிய சேதம், சூடான பிளாஸ்டிக் முகத்தில் தெறித்தால் அது பெரிய சேதம். சமையலறைத் தராசில் அச்சைத் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். நல்ல வெயிலில் சில நாள், ஐப்பசி மழையில் இரண்டு மூன்று மடங்கு. சீக்கிரம் ஆகட்டும் என்று அடுப்பு ஓவனில் வைத்து 60 டிகிரிக்கு மேல் ஏற்றினால் பிளாஸ்டர் தன் உள்நீரையும் இழந்து பொடிய ஆரம்பிக்கும். காய்ந்தபின் ஃபெவிகாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. வால் துடுப்புக்கான குழியில் பசை தேங்கி அடைத்துக்கொள்ளும், தூரிகை நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இனி காய்ச்சுவது. அதற்கு முன் இடம். காற்றோட்டமான திண்ணை, மொட்டை மாடி, கொட்டகை, இவற்றில் ஒன்று. இந்த வேலைக்குத் தொட்ட மைக்ரோவேவும் கண்ணாடிக் கோப்பையும் மறுபடி சாப்பாட்டுக்கு ஆகாது. கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, காலை மூடும் செருப்பு, அமில வாயுவையும் கரிம ஆவியையும் வடிக்கும் முகமூடி, இதெல்லாம் வேண்டும். துணி முகமூடி இதற்குப் பயன்படாது. சூடான பிளாஸ்டிசால் வெல்லப்பாகு போலத் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும், உதறினால் போகாது. பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும், கையை முக்குவதற்கு. அந்த வாளியிலிருந்து ஒரு சொட்டுகூடக் கோப்பைக்குள் விழக்கூடாது.

பிளாஸ்டிசால் புட்டியின் அடியில் பொடி தங்கிக் கெட்டியாகியிருக்கும். சில நிமிடம் நன்றாகக் கலக்காமல் ஊற்றினால் முதல் வார்ப்பு கொழகொழவென்றும் கடைசி வார்ப்பு விறைப்பாகவும் வரும். 100 மில்லி அளந்து, சூடு தாங்க வைக்கும் ஸ்டெபிலைசர் இரண்டு மில்லி சேருங்கள். இந்த அளவில் ஏழெட்டு மீன் வார்க்கலாம். மைக்ரோவேவில் முதலில் ஒன்றரை நிமிடம், பிறகு முப்பது முப்பது விநாடியாக, ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, நுரைக்காமல் கிளறி. நடுவில் கட்டியாகி, கெட்டுப்போன மாதிரி தெரியும். கெடவில்லை, அந்தக் கட்டத்தைத் தாண்டத்தான் வேண்டும். 165-லிருந்து 175 டிகிரிக்குள் பால் நிறம் மாறித் தெளிந்து எண்ணெயாக ஓடும். தெளியாமல் மங்கலாக இருக்கும்போதே வார்த்தால் இரை பார்க்க முழுதாக இருக்கும், இழுத்தால் பிய்ந்துவிடும்.

அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே அளக்கும். மேலே ஆடை கட்டியிருந்தால் அது 150 காட்டும்போது உள்ளே 180 இருக்கலாம். கிளறிவிட்டு உடனே அளக்க வேண்டும். 190-ஐத் தாண்டினால் மஞ்சளடிக்கும், அப்புறம் பழுப்பு, அப்புறம் புகை. அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது, கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். பழுப்பேறியதைக் காப்பாற்ற முயல வேண்டாம். கோப்பையைத் திறந்த வெளியில் வைத்துவிட்டு விலகிப் போங்கள், ஆறியபின் குப்பைக்குப் போகட்டும்.

நிறமும் ஜிகினாவும் கடைசியில். 100 மில்லிக்கு நிறம் இரண்டு மூன்று சொட்டு போதும். ஜிகினாத்தூள் சூடு தாங்குகிற பாலியெஸ்டர் வகையாக இருக்க வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற ஜிகினா சுருண்டு, சாயம் விட்டு, மொத்தக் கோப்பையையும் சாம்பல் நிறமாக்கிவிடும். இறால் வாசனை மாதிரி ஏதாவது சேர்ப்பதானால் எண்ணெயில் கரைத்தது மட்டும்தான். நீரில் கரைத்த வாசனை சூடான பிளாஸ்டிக்கில் வெடிக்கும்.

உப்பு சேர்ப்பது எடைக்காக. உப்பில்லாத இரை கிட்டத்தட்ட தண்ணீர் எடைதான். 100 கிராமுக்கு 25 கிராம் உப்பு போட்டால் அடர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.1-ஐத் தாண்டும், ஈயம் இல்லாமலே இறங்கும். உப்பை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி மாவாக அரைத்துச் சலிக்க வேண்டும். பரல் உப்பு அடியில் தங்கும், வார்த்த இரையில் ஒவ்வொரு பரலும் கிழிசலுக்கு ஆரம்பமாகும். துடுப்பு வால் மீனுக்கு உப்பையே தவிர்ப்பது நல்லது. வால் கனத்தால் ஆட்டம் போய்விடும். உப்பெல்லாம் நேரான புழு இரைக்கு.

வார்க்கும்போது முதலில் வாலை நிரப்புங்கள். வால் குழி ஆழமும் குறுகலுமானது. உடலில் ஊற்றி அங்கே ஓடிப் போகட்டும் என்று விட்டால் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும், துடுப்பு அரைகுறையாக நிற்கும். மூங்கில் குச்சியால் அந்தக் குழியில் ஒரு குத்து குத்தினால் சிக்கிய காற்று வரும். பிறகு கழுத்து, உடல், தலை. ஆறும்போது சுருங்குவதால் தடித்த இடத்தில் முதுகு குழிந்து போகும். விளிம்புக்கு ஒரு மயிரிழை மேலே வரை ஊற்றி, குழி விழுந்தால் சூடாக இருக்கும்போதே தொட்டு நிரப்புங்கள். வயிறு வெள்ளை, முதுகு பச்சை என்று இரண்டு நிறம் வேண்டுமானால், இரண்டு கோப்பையும் ஒரே சமயத்தில் தயாராக இருக்க வேண்டும். கீழ் நிறம் ஆறிய பிறகு மேல் நிறம் ஊற்றினால் ஒட்டாது, முதல் மீனிலேயே இரண்டாக உரியும்.

முதுகு தட்டையாக இல்லாமல் முழு உருண்டையாக வேண்டுமென்று இரண்டு பாதி அச்சு செய்கிறவர்கள் பிளாஸ்டிக்கை ஊசியால் செலுத்த வேண்டும். அலுமினிய ஊசி வாங்குங்கள். மருந்துக்கடை சிரிஞ்சு பாலிப்ரொப்பிலீன், இந்தச் சூட்டில் அதுவே உருகும்.

பத்து நிமிடம் கழித்து எடுத்த இரையைத் தண்ணீரில் போட்டு ஆற்றி, ஒரு நாள் முழுக்கச் சமதளத்தில் நேராகக் கிடத்துங்கள். அப்போது வளைந்தது வளைந்தபடியே நிற்கும். வளைந்துவிட்டால் கொதிக்கும் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு நிமிர்த்திக் குளிர்ந்த நீரில் முக்குங்கள். பிறகு வீட்டுத் தொட்டியில் இழுத்துப் பாருங்கள். வால் ஆடவில்லையென்றால் பிளேடால் கழுத்தைச் சீவுவது முதல் வேலை. அப்படியும் ஆடாவிட்டால்தான் அடுத்த வார்ப்பில் இளக்கி எண்ணெயை 5 சதவீதம் கூட்டுவது. நம் கழிமுகத்து வெதுவெதுப்பில் பிளாஸ்டிக் தானாகவே இளகும். குளிர் நாட்டுக்காரர் ‘மீடியம்’ என்று எழுதிய கலவை இங்கே ‘சாஃப்ட்’ மாதிரி நடந்துகொள்ளும், முள்ளிலிருந்து நழுவும். கொஞ்சம் விறைப்பான கலவையில் தொடங்குங்கள்.

பாலித்தீன் பையில் நிறவாரியாகப் பிரித்து, லிக்விட் பாரஃபின் சில சொட்டு விட்டு வையுங்கள். சிவப்பையும் வெள்ளையையும் ஒரே பையில் போட்டால் ஒரு வாரத்தில் இரண்டும் ரோஸ். கடின பிளாஸ்டிக் இரைகளோடு சேர்த்து வைத்தால் இளக்கி எண்ணெய் அவற்றின் பெயின்டைக் கரைக்கும். எலாஸ்டெக் வகை (பி.வி.சி. அல்லாத, ரப்பர் போல நீளும் வேறு பிளாஸ்டிக்) இரை இருந்தால் தனிப் பெட்டி, ஏனென்றால் அதுவும் பி.வி.சி.யும் தொட்டுக்கொண்டால் இரண்டும் உருகிக் குழம்பாகும்.

கிழிந்தவற்றைத் தண்ணீரில் எறியாமல் ஒரு டப்பாவில் சேருங்கள். முள், ஈயம் எல்லாம் எடுத்துவிட்டு, கழுவி, இரண்டு நாள் நன்றாக உலர்த்தி, சிறு துண்டுகளாக நறுக்கினால் மறுபடி உருக்கலாம். 100 கிராமுக்கு இளக்கி எண்ணெய் ஐந்து மில்லியும் ஸ்டெபிலைசர் ஒரு மில்லியும் சேருங்கள். எல்லா நிறமும் கலந்து கரும்பழுப்பாகத்தான் வரும். கலங்கிய தண்ணீருக்கு அந்த நிறம் மோசமில்லை.

நன்றி, வணக்கம்.