ஏர்பேக் திறக்கலையா, பிரேக் புடிக்கலையா? முதல்ல வண்டியை பத்திரமா வைங்க

வணக்கம். எங்க மாமாவுக்கு நடந்ததை சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன். விடிகாலை நாலு மணி, திண்டிவனம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டுல லைட் இல்லாம ஓரமா நின்ன லாரி பின்னாடி போய் மோதிட்டாரு. பானட் மடங்கி கண்ணாடி வரைக்கும் வந்துடுச்சு, ஆனா ஸ்டியரிங்ல இருந்த ஏர்பேக் திறக்கவே இல்ல. பெல்ட் போட்டிருந்தாரு, அப்படியும் நெஞ்சு போய் ஸ்டியரிங்ல இடிச்சு மூணு விலா எலும்பு முறிஞ்சுது.

அவரு ஆஸ்பத்திரியில இருக்கும்போதே நாங்க நல்லதுன்னு நினைச்சு வண்டியை சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டுப் போனோம். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தாரு, கிளைம் பாஸ் ஆச்சு, அஞ்சு வாரத்துல புது பானட், புது பம்பரோட வண்டி பளபளன்னு வாசல்ல வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் வக்கீல்கிட்ட போனோம். அவரு கேட்ட மொத கேள்வி, "அந்தப் பழைய ஏர்பேக், அதோட கண்ட்ரோல் யூனிட், முன்னாடி இருந்த சென்சர் எல்லாம் எங்கம்மா?" எல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு.

இந்த வீடியோ போடுறதுக்குக் காரணமே அந்த ஒரு கேள்விதான். வண்டியில இருந்த குறையால அடிபட்டா அந்த வண்டிதான் உங்க முதல் சாட்சி, அதை நாமளே கொண்டுபோய் அழிச்சிடுறோம்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல வந்துச்சு, 2020 ஜூலைல அமலுக்கு வந்துச்சு. அதுல பொருளால ஏற்படுற பாதிப்புக்கு யார் பொறுப்புங்கறதுக்குன்னே தனியா ஒரு அத்தியாயம் வச்சிருக்காங்க. தயாரிப்புல குறை, டிசைன்லயே குறை, சொன்ன அளவுப்படி செய்யாதது, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏத்த மாதிரி இல்லாதது, இப்படி யூஸ் பண்ணா ஆபத்துன்னு ஒழுங்கா எச்சரிக்காதது, இந்த அஞ்சுல ஒண்ணு இருந்து அதனால உடம்புக்கோ உயிருக்கோ கேடு வந்தா தயாரிச்ச கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்கணும். ஃபேக்டரியில யாரு கவனக்குறைவா இருந்தாங்கன்னு நாம தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. குறை இருந்துச்சு, அதனாலதான் அடிபட்டுச்சு, இந்த ரெண்டையும் காட்டணும்.

"அதை நான் எப்படி நிரூபிப்பேன், நான் என்ன இன்ஜினியரா"ன்னு கேப்பீங்க. இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. டெல்லிக்காரர் ஒருத்தர் 2015 ஆகஸ்ட்ல ஹூண்டாய் கிரெட்டா வாங்கினாரு. 2017 நவம்பர்ல டெல்லி பானிபட் ஹைவேயில விபத்து, முன்னாடி இருந்த ரெண்டு ஏர்பேக்ல ஒண்ணுகூட திறக்கல, தலை, நெஞ்சு, பல்லுன்னு அடி. கம்பெனி தரப்புல என்ன சொன்னாங்கன்னா, முன்பக்கம் நேரா பலமா இடிச்சாதான் ஏர்பேக் திறக்கும், இங்க அந்த அளவுக்கு இடி இல்ல, எங்க ஏர்பேக்ல குறைன்னு சொல்ல எக்ஸ்பர்ட் சாட்சியும் இல்லன்னு. டெல்லி மாநில நுகர்வோர் ஆணையம் அதை ஏத்துக்கல, தேசிய நுகர்வோர் ஆணையமும் ஏத்துக்கல, கடைசியா 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலை தள்ளுபடி பண்ணிடுச்சு.

அந்தத் தீர்ப்புல மூணு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஏர்பேக் இருக்குன்னு நம்பி கார் வாங்குறவரு வேகம், விசைன்னு கணக்குப் போடுற ஃபிசிக்ஸ் நிபுணரா இருக்கணும்னு யாரும் எதிர்பார்க்க முடியாதுன்னு கோர்ட் சொல்லுச்சு. ரெண்டாவது, ஏர்பேக் வேலை செய்யுதா இல்லையான்னு மோதினாதானே தெரியும், அதனால கேஸ் போடுறதுக்கான கெடுவை வண்டி வாங்குன நாள்லேந்து எண்ணக்கூடாது, குறை வெளிய தெரிஞ்ச நாள்லேந்துதான் எண்ணணும். மூணாவது, இந்த மாதிரி பாதுகாப்பு விஷயத்துல தவறினா மறுபடி அப்படி செய்ய பயப்படுற அளவுக்கு நஷ்ட ஈடு போடணும், கம்பெனி எவ்வளவு பெருசுன்னும் பார்த்துப் போடணும். அவருக்குக் கிடைச்சது மருத்துவச் செலவுக்கும் போன வருமானத்துக்கும் சேர்த்து 2 லட்சம், மன உளைச்சலுக்கு 50,000, கேஸ் செலவுக்கு 50,000, அதோட வண்டியையே மாத்திக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. பணம் கம்மிதான், எனக்கும் அதுல வருத்தம் உண்டு. ஆனா இன்னைக்கு நம்ம ஊர்ல ஏர்பேக் கேஸ் போடுற எந்த வக்கீலும் முதல்ல நீட்டுறது இந்தத் தீர்ப்பைத்தான், அந்த கிரெட்டா வர்றதே நம்ம இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியிலேந்துதான்.

எங்க போய் கேஸ் போடுறது? நீங்க குடியிருக்கிற இல்ல வேலை பாக்குற மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல போடலாம், கம்பெனி ஹெட் ஆபீஸ் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்ல. வண்டிக்கு நீங்க கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம், அதுக்கு மேல 2 கோடி வரைக்கும் மாநில ஆணையம். கேக்குற நஷ்ட ஈட்டை வச்சு இல்ல, கொடுத்த விலையை வச்சுதான் இந்தக் கணக்கு. ஃபீஸ் பெருசா ஒண்ணுமில்ல, 5 லட்சம் வரைக்கும் இலவசம், 12 லட்சத்துக்கு வாங்குன காருக்கு 400 ரூபா. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடுங்க. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம், எப்படின்னு கேக்கணும்னா நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணுங்க.

காரை வாங்குனவர் மட்டும்தான் போகணும்னு இல்ல, அவரு சம்மதத்தோட ஓட்டுன பொண்டாட்டி புள்ளைங்களும் நுகர்வோர்தான், இறந்துபோயிட்டா வாரிசு போடலாம். சொந்தமா ஒரே ஒரு டாக்ஸியோ ஆட்டோவோ வாங்கி அதை ஓட்டி பொழைக்கிற அண்ணன்களும் போடலாம். பத்து வண்டி வச்சு டிராவல்ஸ் நடத்துறவங்களுக்குதான் வணிக நோக்கம்னு சொல்லி கதவை சாத்திடுவாங்க.

ரோட்டுல நடந்து போனவர் மேல பிரேக் புடிக்காத வண்டி ஏறிடுச்சுன்னா? அவரு அந்த வண்டியை வாங்கல, அதனால நுகர்வோர் இல்ல. அவருக்கு வழி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், ஓனர் மேலயும் இன்சூரன்ஸ் மேலயும் போடணும். மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல ஆறு மாச கெடு வச்சிருக்காங்க, அதனால தள்ளிப்போடாதீங்க. "பிரேக் ஃபெயிலியர், நான் என்னங்க பண்றது"ன்னு ஓனர் சும்மா கைய விரிச்சிட முடியாது, ஒழுங்கா பராமரிச்சும் கண்டுபிடிக்க முடியாத குறைன்னு அவருதான் காட்டணும். ஆனா மாமா மாதிரி தானே ஓட்டி தானே மோதிக்கிட்டவருக்கு அந்தத் தீர்ப்பாயத்துல பெருசா ஒண்ணும் கிடைக்காது, பாலிசியில இருக்கிற 15 லட்ச ரூபா பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இறப்புக்கும் பெரிய ஊனத்துக்கும்தான். அதனாலதான் அவருக்கெல்லாம் கம்பெனி மேல போற வழி இவ்வளவு முக்கியம்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. விபத்துக்கு அப்புறம் ஸ்டேஷன்ல நிக்கிற வண்டியை பார்க்க மோட்டார் வாகன ஆய்வாளர் வருவாரு, நம்ம ஊர்ல பிரேக் இன்ஸ்பெக்டர்னு சொல்லுவோம். அவரு கொடுக்குற ரிப்போர்ட்டோட கடைசி வரியில பெரும்பாலும் விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணம் இல்லன்னு எழுதியிருக்கும். அந்த ஒரு வரியை கம்பெனி வக்கீல் கோர்ட்ல அடிக்கோடு போட்டு காட்டுவாரு. அதனால அவரு வர்ற அன்னைக்கு குடும்பத்துல ஒருத்தர் அங்க போய் நில்லுங்க, "சார், ஏர்பேக் திறக்கல, பிரேக் பெடல் தரை வரைக்கும் போகுது, இதை பார்த்து எழுதுங்க சார்"னு வாயைத் திறந்து சொல்லுங்க, ஸ்டேஷன்லயும் எழுத்து மூலமா ஒரு மனு கொடுத்து அதுக்கு ரசீது வாங்கிடுங்க.

கம்பெனி தரப்புல எதைப் பிடிப்பாங்கன்னும் தெரிஞ்சு வச்சுக்கணும். முன்னாடி இரும்பு பம்பர் கார்டு மாட்டியிருந்தா முடிஞ்சுது, 2017 கடைசியிலயே அதை கூடாதுன்னு சொல்லிட்டாங்க, சென்சருக்கு இடி போய் சேராம அதுதான் தடுத்துச்சுன்னு வாதாடுவாங்க. சீட்ல சைடு ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு இறுக்கமா சீட் கவர் போடுறதும் அப்படித்தான். டாஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்து நீங்க சர்வீஸ்ல சொல்லலன்னா அதுவும் உங்களுக்கு எதிரா திரும்பும், சொல்லியிருந்தா ஜாப் கார்டுல, அதாவது சர்வீஸ் சென்டர்ல வண்டியை விடும்போது கொடுக்குற வேலைச் சீட்டுல, எழுதச் சொல்லி வாங்கி வைங்க. புதுப்பேட்டையிலயோ வேற எங்கயோ பில் இல்லாம வாங்கின பிரேக் பேட் உடைஞ்சா யார் மேல கேஸ் போடுவீங்க? பில் இருந்தா, தயாரிச்சவன் யாருன்னே தெரியாத பொருளுக்கு வித்தவரையே பொறுப்பாக்க சட்டத்துல இடம் இருக்கு.

ரீகால், அதாவது குறை இருக்குன்னு கம்பெனியே வண்டியை சரி பண்ண திரும்பக் கூப்பிடுறது, உங்க வண்டிக்கு வந்துச்சான்னு கம்பெனி வெப்சைட்ல சேசிஸ் நம்பர் போட்டுப் பாருங்க. டகாட்டாங்கற ஜப்பான் கம்பெனி செஞ்ச ஏர்பேக் கதை தெரியும்ல, உள்ள இருந்த அமோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கா வெயில்லயும் ஈரப்பதத்துலயும் கெட்டுப்போயி, ஏர்பேக் வெடிக்கும்போது இரும்புத் துண்டு முகத்துல பாஞ்சு உலகம் பூரா ஆளுங்க செத்தாங்க, அமெரிக்காவுல மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்கை ரீகால் பண்ணாங்க, இந்தியாவுலயும் கார்களை கூப்பிட்டாங்க. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல பழைய கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க இதை பார்க்காம வாங்கவே கூடாது. ஒரே மாதிரி குறைன்னு நிறைய புகார் வந்தா கட்டாயமா ரீகால் பண்ண வைக்க 2021 ஏப்ரல்லேந்து அரசுக்கு அதிகாரம் இருக்கு.

இப்ப அடிபட்டு ஆஸ்பத்திரியில யாராச்சும் இருந்தா, வண்டியை பிரிக்காதீங்கன்னு சர்வீஸ் சென்டருக்கு இன்னைக்கே மெயில் போடுங்க. ரிப்பேர் பண்றது கட்டுப்படியாகாது, டோட்டல் லாஸ்னு இன்சூரன்ஸ்காரங்க எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி வக்கீலைப் பாருங்க, ஆணையமே அந்தப் பார்ட்டை லேப் டெஸ்டுக்கு அனுப்பலாம், ஆனா பார்ட் இருந்தாதானே அனுப்பும். எஃப்ஐஆர், ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாம் ஒரு ஃபைல்ல போடுங்க.

மாமா கேஸ்ல எங்ககிட்ட மிஞ்சினது, என் தம்பி அன்னைக்கு ரோட்டுலயே போன்ல எடுத்த நாலு போட்டோ. ஒண்ணுல ஸ்டியரிங் நடுவுல இருக்கிற மூடி கீறல்கூட இல்லாம மூடியே இருக்கு, அதுக்குப் பின்னாடி பானட் மலை மாதிரி மடங்கி நிக்குது, பெல்ட்ல ரத்தக்கறை. அதையும் ஜாப் கார்டையும் வச்சுதான் கேஸ் போட்டிருக்கோம். பதில் சொல்ல கம்பெனிக்கு 30 நாள், கேட்டா இன்னும் 15 நாள், அதுக்கு மேல கிடையாது. நோட்டீஸ் போய் இன்னையோட 22 நாள் ஆகுது.